பெயர் யாருக்குச் சொந்தம்: இண்டி கேம் நாட்குறிப்பு

ஜூன் 14, 2025

இண்டி கேம், அதாவது பெரிய நிறுவனத்தைச் சாராத சின்ன அணி செய்யும் வீடியோ கேம், அதன் பெயர்த் தகராறு என்று பேச்செடுத்தால் நான் முதலில் சொல்வது ‘எட்ஜ்’ விவகாரத்தைத்தான். பாரிஸைச் சேர்ந்த மோபிகேம் என்ற சின்ன அணி ஐபோனுக்கு ஒரு கேம் செய்தது. கனசதுரம் ஒன்றை உருட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதன் பெயர் ‘எட்ஜ்’. அந்தச் சொல்லுக்குத் தனக்கு டிரேட்மார்க், அதாவது வணிகப் பெயர் உரிமை, உண்டு என்று ‘எட்ஜ் கேம்ஸ்’ நடத்திய டிம் லாங்டெல் கிளம்பினார். 2009-ல் கேம் ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கியது, திரும்ப வந்தது, மறுபடியும் இறங்கியது. எந்த நீதிமன்றமும் அதை இறக்கச் சொல்லவில்லை. புகார் வந்தது, கடைக்காரர் சரக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அதே ஆள் ‘மிரர்ஸ் எட்ஜ்’ என்ற கேமின் பெயருக்காகப் பெரிய கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மீதும் பாய்ந்தார். 2010-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு இடைக்காலத் தடை தர மறுத்தது. 2013-ல் அவருடைய டிரேட்மார்க் பதிவுகள் ரத்தாயின. அந்த அளவுக்குப் போராட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் பணம் இருந்தது. நாலு பேர் சேர்ந்து செய்யும் அணியிடம் அது இருக்காது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

ஜூன் 17

பொதுச் சொல்லைப் பெயராக வைத்துச் சிக்கியவர்கள் பலர். மைன்கிராஃப்ட் செய்த மோஜாங் தன் அடுத்த கேமுக்கு ‘ஸ்க்ரோல்ஸ்’ என்று பெயர் வைத்தது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வைத்திருக்கும் ஜெனிமேக்ஸ் 2011-ல் வழக்குக்குப் போனது, 2012 மார்ச்சில் சமரசம். ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் உள்ள கடைசிச் சொல்லுக்காக பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்தோடு ஹலோ கேம்ஸ் மூன்று வருடம் மல்லுக்கட்டியது. 2016 ஜூனில், கேம் வெளிவர இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அது முடிந்தது. ‘ப்ரே ஃபார் த காட்ஸ்’ அணி, ‘ப்ரே’ என்ற கேமையும் வைத்திருக்கும் ஜெனிமேக்ஸ் ஆட்சேபித்ததால் 2017-ல் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கியது.

‘கேண்டி க்ரஷ் சாகா’ என்ற மிட்டாய் ஆட்டத்தைச் செய்த கிங் நிறுவனத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தப்பாகச் சொல்கிறார்கள். ‘த பேனர் சாகா’ என்ற கேமின் விற்பனையை கிங் தடுக்கவில்லை. ‘சாகா’ என்ற சொல்லுக்காக, அந்தப் பெயரை அமெரிக்காவில் பதிவு செய்வதற்குத்தான் ஆட்சேபணை போட்டது. வைக்கிங் வீரர்களின் போர் ஆட்டத்தை மிட்டாய் ஆட்டம் என்று யார் குழம்பப் போகிறார்கள்? ஆனாலும் பதிவுக்கு மனுப் போட்ட சின்ன அணி வக்கீல் வைத்தே ஆக வேண்டும்.

அதைவிட மோசம் ‘கேண்டிஸ்வைப்’ விஷயம். அந்தக் கேம் 2010-லேயே வந்தது. ‘கேண்டி க்ரஷ் சாகா’ 2012-ல்தான். முந்தி வந்தவர் கிங்கின் பெயர்ப் பதிவுக்கு ஆட்சேபணை போட்டதும், கிங் என்ன செய்தது தெரியுமா? அவரையும் விட மூத்த ‘கேண்டி க்ரஷர்’ என்ற வேறொருவரின் பதிவை விலைக்கு வாங்கி, அந்தத் தேதியைக் காட்டி ‘கேண்டிஸ்வைப்’ பதிவையே ரத்து செய்யக் கேட்டது. 2014 ஏப்ரலில் இரண்டு தகராறும் சமரசமாயின. உழைத்துச் சம்பாதித்த முன்னுரிமையை, காசு கொடுத்து வாங்கிய தேதியை வைத்துத் தட்டிப் பறிக்கப் பார்ப்பது அநியாயம்.

ஜூன் 22

நம் ஊர்க்காரனுக்கு இந்தச் சட்டம் புரிய நெல்லை ஜங்ஷனில் இறங்கினாலே போதும். பார்க்கிற பலகையெல்லாம் ‘திருநெல்வேலி அல்வா’. அந்த இரண்டு சொல்லும் ஊரையும் பண்டத்தையும் சொல்வதால் தனி ஒரு கடை அதை வளைத்துப் போட முடியாது. 1999-ம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 9-ம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: பொருளின் வகை, தரம், பயன், விளையும் இடம் ஆகியவற்றை மட்டும் குறிக்கும் சொல்லுக்குப் பதிவு கிடையாது, நீண்ட காலப் புழக்கத்தால் அது தனி அடையாளம் பெற்றிருந்தாலொழிய.

கேமுக்கும் அதே கணக்கு. ‘பஸ் சிமுலேட்டர்’ என்று வைத்தால் பதிவும் கிடைக்காது, தேடலில் நூறு கேமுக்கு நடுவில் காணாமலும் போகும். இல்லாத சொல்லாக ஒன்றைக் கட்டுவது நல்லது. கேமுக்குச் சம்பந்தமில்லாத சொல்லை எடுத்து ஒட்டினாலும் சரி.

ஜூலை 5

ஊரெல்லாம் ஆனித் திருவிழாக் கூட்டம். இன்றைக்குத் தேடும் முறையை எழுதி முடித்துவிடுகிறேன்.

‘தேரிக்காடு’ என்று ஒரு கேமுக்குப் பெயர் யோசிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் பொதுத் தேடல் பக்கம் இலவசம். ‘வேர்ட்மார்க்’ (சொல்லாக உள்ள பெயர்) என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘கன்டெய்ன்ஸ்’ (சொல் எங்கே வந்தாலும் காட்டும்) வைத்து, கிளாஸ், அதாவது பொருள் வகை எண், 9 என்று போடுங்கள். டவுன்லோட் செய்யும் மென்பொருள் அதில்தான் வரும். பிறகு 41-ல் பாருங்கள், அது பொழுதுபோக்கு, ஆன்லைன் கேம். பொம்மை, போர்டு கேம் விற்கும் எண்ணம் இருந்தால் 28.

தமிழ்ப் பெயருக்கு இங்கேதான் ஓட்டை விழும். ஆங்கில எழுத்தில் ‘தேரி’யை ஹெச் சேர்த்தும் எழுதுவார்கள், சேர்க்காமலும் எழுதுவார்கள். ‘காடு’வுக்கு ஒரு ஏ, இரண்டு ஏ. ஆக நாலு வடிவம். நாலையும் தனித்தனியாகத் தேடணும், ‘தேரி’யை மட்டும் போட்டும் தேடணும். ஒலி ஒத்த பெயர்களைத் தேடும் ‘ஃபொனெட்டிக்’ தேடல் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம். அப்புறம் ஸ்டீம், இட்ச், ப்ளே ஸ்டோர் ஆகிய ஆன்லைன் கேம் கடைகள், அமெரிக்க, ஐரோப்பியப் பதிவகங்கள். ஆப் ஸ்டோரில் பெயர் கிடைத்தது, டொமைன் கிடைத்தது, கம்பெனிப் பெயர் பதிவானது, இவை மூன்றும் டிரேட்மார்க் உரிமை ஆகாது.

தேடலில் கிடைத்த பெயருக்கு ‘அப்ஜெக்டட்’ (ஆட்சேபிக்கப்பட்டது), ‘அபாண்டன்ட்’ (கைவிடப்பட்டது) என்று நிலை காட்டினால் உடனே சந்தோஷப்படாதீர்கள். பதிவே இல்லாவிட்டாலும் முன்பிருந்து புழங்குகிறவருக்கு 34-ம் பிரிவில் பாதுகாப்பு உண்டு.

ஜூலை 6

மனுவின் பெயர் டிஎம்-ஏ. ஆன்லைனில் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனத்துக்கு ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. 9, 41 இரண்டும் எடுத்தால் தனிநபருக்கு 9,000 ஆகும். நமக்குச் சென்னை அலுவலகம். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும்.

‘எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்’ என்ற கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேதி போட்டால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். ஸ்டீம் பக்கம், டிரெய்லர் வெளியான நாள், பணம் வந்த ரசீது கையில் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ‘பயன்படுத்த உத்தேசம்’ என்பதே நேர்மையானது.

பதிவகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தால் பதிலுக்கு ஒரு மாதம். பதிவகத்தின் ஜர்னலில் வெளியான பின் 4 மாதம் வரை யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை கைக்கு வந்து 2 மாதத்துக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்யாவிட்டால் மனுவைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். மெயிலைப் பார்க்காமல் பெயரை இழப்பது இந்த இடத்தில்தான். பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு கிடைக்கும்வரை பெயருக்குப் பக்கத்தில் டிஎம் மட்டும் போடுங்கள், வட்டத்துக்குள் ஆர் கூடாது.

ஜூலை 9

‘பால்வேர்ல்டு’ என்ற கேம் மேல் நிண்டெண்டோ 2024 செப்டம்பரில் போட்டது காப்புரிமை (பேடன்ட்) வழக்கு, டிரேட்மார்க் அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். ஆட்ட யோசனையை டிரேட்மார்க் காக்காது. ‘த்ரீஸ்’ என்ற எண் புதிர் கேம் வந்த அடுத்த மாதமே அதே மாதிரி ‘2048’ வந்ததற்கு டிரேட்மார்க்கில் மருந்து இல்லை.

ஜூலை 20

பதிந்துவிட்டுத் தூங்கினாலும் ஆபத்து. ‘ஃப்ளாப்பி பேர்டு’ என்ற மொபைல் கேமை உருவாக்கியவர் 2014 பிப்ரவரியில் அதை ஆப் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். பெயர் பல வருடம் சும்மா கிடந்தது, அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் கைக்கொண்டது. 2024-ல் புது ஃப்ளாப்பி பேர்டு அறிவிப்பு வந்தபோது தான் எதையும் விற்கவில்லை என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. இந்தியாவில் பதிவான பின் தொடர்ந்து 5 வருடம் பயன்படுத்தாமல் விட்டால் 47-ம் பிரிவில் நீக்கக் கேட்கலாம்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் அன்று இரவே ட்விட்டரில் ஏற்றாதீர்கள். எந்தப் பதிவு எண், எந்த நாடு, எந்தக் கிளாஸ், என்ன தேதி என்று நாலையும் சரிபாருங்கள். சில நோட்டீஸ்களில் கிளாஸே பொருந்தாது. பொருந்தினால், வெளியீட்டுக்கு முன்னால் பெயரை மாற்றிவிடுங்கள் தம்பிகளா, அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. ஸ்டீமில் கேமின் எண் மாறாது என்பதால் விஷ்லிஸ்ட், அதாவது வாங்க விரும்பிக் குறித்து வைத்தவர்களின் பட்டியல், அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் ஆப்பின் உள் அடையாளமான பேக்கேஜ் பெயரை வெளியிட்ட பின் மாற்ற வழியே இல்லை, மாற்றினால் அது வேறு ஆப், ரிவ்யூக்களும் போய்விடும். அதனால் பேக்கேஜில் கேமின் பெயரைப் போடாமல், அணியின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் வையுங்கள். ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் ஃபோல்டருக்கும் அதே முறை.