ஐந்து தூக்குத் தேன்

டிசம்பர் 19, 2024

விடியற்காலை ஐந்து மணிக்குப் பின்கட்டில் வெப்பமானி 18 டிகிரி காட்டியது. மார்கழி பிறந்து நான்கே நாட்களில் மலையடிவாரம் இப்படிக் குளிர்ந்துவிட்டது. ஐந்து தூக்குகளின் மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் தூக்கில் மேலே மூன்று விரற்கடை அளவுக்குத் தேன் நீர்த்து நிற்கிறது; அதற்குக் கீழே கெட்டியாக உறைந்து கிடக்கிறது. மற்ற நான்கிலும் மரக்கரண்டி இறங்கவே இல்லை. சித்திரையில் கிழக்கு நிலத்துச் சூரியகாந்தி பூத்திருந்தபோது எடுத்த தேன் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. தூக்குக்கு 7 கிலோ வீதம் 35 கிலோ. வேலூர் நாட்டு மருந்துக் கடைக்காரர் பொங்கலுக்கு முன்பாக அரைக் கிலோ பாட்டிலில் 60 வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பணத்தில் பாதியை முன்னதாகவே கொடுத்தும்விட்டார். அந்தப் பணம் நேற்றே மருத்துவமனையில் கட்டப்பட்டுவிட்டது.

டிசம்பர் 20

என் கணவர் மருத்துவமனையிலிருந்து பேசினார். பிள்ளைத்தாய்ச்சியான மகளுக்கு இரத்த அழுத்தம் குறையவில்லையாம். இன்னும் சில நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 21

அணைக்கட்டு என்னும் ஊரிலிருந்து ஓர் அம்மாள் கார்த்திகையில் வாங்கிய பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காட்டி, இவ்வளவு சர்க்கரையைப் போட்டு விற்கலாமா என்று கேட்டார். நான் கோபப்படவில்லை; ஆனால் மாலை வரை மனம் ஆறவில்லை. தேனில் பழச்சர்க்கரையும் குளுக்கோசும் இருக்கின்றன, குளுக்கோசு நீரில் அவ்வளவாகக் கரைந்து நிற்காது, எந்தப் பூவின் தேனில் அது மிகுதியோ அந்தத் தேன் விரைவாக உறையும், சூரியகாந்தியும் கடுகும் அந்த வகையைச் சேர்ந்தவை என்று எடுத்துச் சொன்னேன். 14 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் தேன் மிக வேகமாக உறைகிறது. பெட்டிக்குள் தேனீக்கள் புழுக்கள் வளரும் அடையை 34, 35 டிகிரி வெதுவெதுப்பில் காத்து வருகின்றன. அந்த வெதுவெதுப்பிலிருந்து எடுத்துவந்து மார்கழிக் குளிரில் நாம் வைத்துவிட்டு, உறைந்ததற்காகத் தேனைக் குற்றம் சொல்கிறோம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பிறகு, சொந்தக்காரர் ஒருவர் தீக்குச்சியைத் தேனில் தோய்த்துக் கொளுத்திக் காட்டினார், அது எரியவில்லை என்றார். தேனில் ஈரம் சற்றுக் கூடினால் குச்சி எரியாது, சர்க்கரைப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சித் தோய்த்தால் அதுவும் எரியும், ஆகையால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்றேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பாட்டிலையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உறைந்த தேனைக் கரண்டியால் எடுத்து அப்படியே உண்ணலாம் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

டிசம்பர் 23

முதல் தூக்கைத்தான் முதலில் இளக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். குளுக்கோசு மணிமணியாகப் பிரிந்து உறையும்போது மீதமுள்ள தேனில் நீரின் பங்கு கூடிவிடுகிறது, அந்த நீர்த்த பகுதியில்தான் புளிப்பு ஏறத் தொடங்கும். ஈரப்பதம் பார்க்கும் கருவியில் மேல்தேனை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், 22 காட்டியது. விதிப்படி 20க்கு மேல் போகக்கூடாது. முகர்ந்தும் நாவில் வைத்தும் பார்த்ததில் புளிப்பு இல்லை.

கல்யாண அண்டாவில் அடியில் மூன்று மரச்சட்டங்களைப் பரப்பி, தூக்கை அவற்றின் மேல் நிறுத்தி, தேன் மட்டம் வரை நீர் ஊற்றினேன். சட்டம் இல்லாமல் வைத்தால் தூக்கின் அடி நேராகச் சூடேறிவிடும். விறகடுப்பில் தழல் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நீர் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது, தேன் 40ஐத் தாண்டக்கூடாது. கையை நீருக்குள் விட்டால் சுடாமல் பொறுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வைத்தது. சூடு தேனுக்குள் மெல்லத்தான் பரவும் என்பதால் பாத்திரத்தை ஒட்டிய ஓரம் முழுவதும் இளகிய பிறகும் நடுவில் தேங்காயளவு கட்டி மிதந்துகொண்டே இருந்தது. அரைமணிக்கு ஒருமுறை மரக்கரண்டியால் காற்று புகாதபடி மெதுவாகத் திருப்பிவிட்டேன். மாலை நான்கரை மணிக்குத்தான் கரண்டியின் முதுகில் மணல் தட்டாமல் வழிந்தது. நன்றாகக் கலந்த பிறகு மீண்டும் கருவியில் பார்த்தேன், 19.5. அப்போதுதான் காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 24

வேலூர் லாங்கு பஜாரில் கண்ணாடிப் பாட்டில்கள் 65 வாங்கினேன். மூடிகள் இரண்டு சரியாக இறுகவில்லை, மாற்றிக் கொடுத்தார்கள். அங்கிருந்து மகளைப் பார்க்கப் போனேன். கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. தேன் எப்படி இருக்கிறது என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

டிசம்பர் 25

பாட்டில்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். உள்ளே ஒரு துளி ஈரமும் இருக்கக்கூடாது. பிற்பகலில் மேகம் மூடியதால் திரும்ப எடுத்து அடுப்படியில் வைத்து உலர்த்தினேன். தேன் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் பொருள். மழை நாளில் பாட்டிலில் ஊற்றுவதை என் மாமியார் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது தூக்கும் இளகிவிட்டது. மல் துணியில் வடிகட்டி, நுரையும் காற்றுக் குமிழும் மேலே வருவதற்காக இரவு முழுவதும் மூடி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 26

இதை எழுதாமல் விட்டால் நாளை எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூன்றாவது தூக்கைப் பகல் இரண்டு மணிக்குத்தான் நீரில் இறக்கினேன். அதுவே முதல் தவறு. இருட்டிய பிறகும் கட்டி கரையாததால் இரண்டு சிறாய் விறகை அடுப்பில் கூடுதலாக வைத்தேன். ஒன்பது மணிக்கு மகள் பேசினாள். தலை வலிக்கிறது, கண் முன்னால் பூச்சி பறப்பது போல் இருக்கிறது என்றாள். செவிலியரைக் கூப்பிடச் சொல்லி, அவர் வந்து பார்த்து மருத்துவரை அழைத்து, ஊசி போட்டு, சரியாகிவிட்டது என்று அவர் மறுபடி சொல்லும் வரை தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை. அதன் பிறகு திண்ணையில் சாய்ந்தவள் அப்படியே உறங்கிவிட்டேன். விழித்தபோது ஒன்றே முக்கால். அண்டாவில் நீர் வற்றியிருந்தது, ஆவி எழுந்துகொண்டிருந்தது. வெப்பமானியைத் தேனில் விட்டபோது 58 காட்டியது. ஆனால் அது இறங்கிவரும் சூடு என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏனென்றால் மேலே மிதந்துகொண்டிருந்த மெழுகுத் துணுக்குகள் ஒன்றுகூட இல்லை, அவற்றுக்குப் பதிலாகத் தேனின் மேல் மெல்லிய ஆடை ஒன்று படிந்திருந்தது. தேன்மெழுகு 62 டிகிரிக்குக் குறைந்து உருகாது.

டிசம்பர் 27

மூன்றாவது தூக்கின் அருகே போகவில்லை.

டிசம்பர் 29

மருத்துவமனையில் சம்பந்தியம்மாள் என்னைத் தனியே அழைத்து, குழந்தை பிறந்ததும் அதன் நாவில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்க நல்ல தேனாக ஒரு சிறிய பாட்டில் தயாராக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். வீட்டிலேயே தேனீ வளர்க்கும் சம்பந்தி கிடைத்திருக்கும்போது கடையில் வாங்குவானேன் என்றார். அன்பாகத்தான் கேட்டார். பீரோவில் வைகாசியிலிருந்து நானே ஒரு பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. மகள் பிறந்தபோது என் மாமியார் தொட்டு வைத்ததும் எங்கள் பெட்டித் தேன்தான்.

வெளியே வந்து குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். ஒரு வயது நிறையும் வரை தேன் ஒரு சொட்டும் கூடாது என்றார். மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் தேனில் வந்து தங்கியிருக்கக்கூடும், பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது, பச்சிளம் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும், குழந்தையின் தசைகள் தளர்ந்து மூச்சே தடைப்படலாம் என்று விளக்கினார். கொதிக்க வைத்தால் போகுமா என்று கேட்டேன். வீட்டில் கொதிக்க வைக்கிற சூட்டுக்கு அந்த வித்துகள் சாவதில்லை என்றார். பேருந்தில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரிந்தவரையில் தூய்மையான தேன், கலப்படமே இல்லாத தேன், என் கையால் எடுத்த தேன், அதுவும் அந்தக் குழந்தைக்கு ஆகாது.

சம்பந்தியம்மாளிடம் நாளை நானே சொல்ல வேண்டும். மருத்துவர் சொன்னார் என்று மட்டும் சொன்னால் அவர் ஏற்கமாட்டார். தேனீ வளர்ப்பவளாகிய நானே வேண்டாம் என்கிறேன் என்றால் ஏற்பார்.

டிசம்பர் 30

சொன்னேன். முகம் வாடிவிட்டது. ஆனால் சரி என்றார்.

ஜனவரி 1, 2025

கணவர் இரண்டு நாட்களுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்றாவது தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, ஐந்திலும் இதுதான் பார்க்க அழகாக இருக்கிறது, மணியே இல்லை, பளிங்கு போல் இருக்கிறது, இதை ஏன் ஒதுக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவர் சொல்வது உண்மைதான். மற்றவற்றில் கண்ணுக்குத் தெரியாத மணிகள் சில தங்கியிருக்கும். அவற்றைச் சுற்றித் தை மாதத்துக்குள் மறுபடியும் உறைந்தாலும் உறையும். இதில் எல்லாமே கரைந்துவிட்டதால் மாதக்கணக்கில் இப்படியே நிற்கும். கடையில் வரிசையாக அடுக்கினால் வாங்க வருகிறவர்கள் இதைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் அதன் மணம் போய்விட்டது. நாவில் வைத்தால் இனிப்பு மட்டும் இருக்கிறது, பின்னால் வரும் பூவாசம் வரவில்லை. தேனீ தன் தலையிலுள்ள சுரப்பிகளிலிருந்து தேனில் சேர்க்கும் நொதிகள் சூட்டில் சிதைந்துபோகும். சர்க்கரை சிதைந்து ஹைட்ராக்ஸி மெதில் ஃபர்ஃபுரால் என்னும் பொருள் கூடும். ஒரு கிலோ தேனில் அது 80 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டு உணவு விதி சொல்கிறது. என் தூக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய என்னிடம் வழியில்லை. ஒரே இரவுச் சூட்டில் அளவு தாண்டியிருக்காது என்று அவர் சொல்கிறார், அப்படியும் இருக்கலாம். தேனீக்களுக்கே திரும்பக் கொடுத்துவிடலாமே என்றார். அந்தப் பொருள் தேனீக்களுக்கு நஞ்சு, பூ குறைந்த இந்த மாதத்தில் அவை எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும், ஆகையால் அதைச் செய்ய மாட்டேன் என்றேன்.

நாட்டு மருந்துக் கடையில் இந்தத் தேன் எதற்காக விற்கப்படும் என்பதைத்தான் நான் யோசிக்கிறேன். சூரணத்தைக் குழைத்துக் கொடுக்க அனுபானமாக வாங்குவார்கள். சூடான தேன் மருந்துக்கு ஆகாது என்பது அந்தக் கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும். என் தூக்கைப் பார்த்து யாருக்கும் தெரியாது.

இது இல்லாவிட்டால் 28 கிலோதான். துணியிலும் பாத்திரத்திலும் ஒட்டியது போக 54 பாட்டில் தேறும்.

ஜனவரி 3

நான்காவது தூக்கு. காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து வரை, நீர் ஒருமுறைகூட 44ஐத் தாண்டவில்லை. அடுப்பை விட்டு நான் எழவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்.

ஜனவரி 4

பெட்டிக் கால்களின் கிண்ணங்களில் நீர் வற்றி, ஒரு பெட்டியில் எறும்பு ஏறியிருந்தது. கழுவி நிரப்பினேன்.

ஜனவரி 6

வேலூருக்குப் போய்க் கடைக்காரரை நேரில் பார்த்தேன். 54 பாட்டில்தான் தர முடியும், ஒரு தூக்கு என் கவனக்குறைவால் சூடேறிவிட்டது, ஆறு பாட்டிலுக்கான முன்பணத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், சமையலுக்கு என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம் என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். நெல்லிக்காய் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. வீட்டுக்குத் தேன் நெல்லியாகப் போட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது. ஆனால் 7 கிலோவுக்கு நெல்லி போட்டு யார் உண்பது? வீட்டுக்கு வந்ததும் தூக்கின் மூடியில் காகிதம் ஒட்டி, சூடு மிகுந்தது, மருந்துக்கு ஆகாது என்று எழுதி வைத்தேன்.

மகளுக்கு நாளை மறுநாள் ஸ்கேன்.

ஜனவரி 8

அழுத்தம் மறுபடியும் ஏறியிருக்கிறது. இனிக் காத்திருக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். இன்னும் முடிவு சொல்லவில்லை. ஐந்தாவது தூக்கை நாளை வைக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. வைத்துவிட்டு நடுவில் கூப்பிட்டால் அப்படியே விட்டுப் போக வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வெப்பமானியைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். 45ஐக் கடந்தால் அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டுக் குளிர்நீர் ஒரு செம்பு ஊற்ற வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன்; அவள் மூன்றாம் முறை எனக்கே திருப்பிச் சொன்னாள்.

பீரோவிலிருக்கும் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அடிமுதல் கழுத்து வரை உறைந்திருக்கிறது. அதை இளக்கப் போவதில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

ஜனவரி 9

காலை ஆறேகாலுக்கு நீரில் இறக்கினேன். பத்து மணிக்கு நீர் 43, தேன் ஓரத்தில் 38. நடுக்கட்டி இன்னும் அசையவில்லை.