நிண்டெண்டோவுக்கு ஆன்லைன் தெரியாமலா இருந்தது?

கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனி நிண்டெண்டோவின் ஆன்லைன் சேவையைக் கிண்டலடிக்காமல் கலைவதில்லை. "அவங்க இன்னும் 1995-லயே இருக்காங்கடா" என்பான் ஒருத்தன். நான் பிழைப்புக்கு நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்பதால் என்னையும் சாட்சிக்கு இழுப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த வருடக் கணக்கு மட்டும் உறுத்தும். 1995-ல் நிண்டெண்டோ சாட்டிலைட் வழியாக வீட்டுக்குக் கேம் அனுப்பிக்கொண்டிருந்தது.

சாட்டெலாவியூ என்று பெயர். சூப்பர் ஃபாமிகாம் என்ற கேம் பெட்டியின் அடியில் பொருத்துகிற துணைப் பெட்டி. செயின்ட் கிகா என்ற சாட்டிலைட் ரேடியோ நிறுவனத்தோடு சேர்ந்து ஜப்பானில் மட்டும் நடத்தினார்கள். அதற்கென்றே ஸெல்டா வரிசையில் ஒரு கேம் வந்தது. குறித்த நேரத்தில்தான் ஆட முடியும். ஆடும்போதே குரல் நடிகர்கள் நேரலையில் கதை சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒளிபரப்பு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு மணி பார்த்து உட்கார்ந்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் 1988-லேயே, முந்தைய பெட்டியான ஃபாமிகாமுக்கு ஒரு மோடம் விற்றார்கள். பங்கு வியாபார நிறுவனமான நொமுரா செக்யூரிட்டீஸோடு கூட்டு. பிள்ளை மரியோ ஆடுகிற அதே பெட்டியில் அப்பா பங்கு வாங்கி விற்கலாம், குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டலாம். அப்போதைய தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் ஆசை அது. பெரிதாகப் போகவில்லை. 1999 டிசம்பரில் நிண்டெண்டோ 64 பெட்டிக்காக ராண்ட்நெட் என்று இன்னொரு இணையச் சேவை தொடங்கி, 2001 பிப்ரவரியில் மூடினார்கள்.

ஆக, மூன்று தடவை கையைச் சுட்டுக்கொண்ட கம்பெனி. கூத்து என்னவென்றால், ஊரெல்லாம் உள்ளே வந்த நேரத்தில் இவர்கள் வெளியே போய்விட்டார்கள். 1998-ல் வந்த போட்டிக் கம்பெனி சேகாவின் ட்ரீம்காஸ்ட் பெட்டியில் மோடம் உள்ளேயே இருந்தது. 2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் பெட்டிக்கு எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவையை பிராட்பேண்டோடு கொண்டுவந்தது. நிண்டெண்டோவின் கேம்க்யூப் பெட்டிக்கும் இணைய அடாப்டர் இருந்தது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கினாலும் இணையத்தில் ஆட சேகாவின் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் கேமைத்தான் நம்ப வேண்டும். நிண்டெண்டோவின் சொந்தப் பந்தய கேமான மரியோ கார்ட் டபுள் டேஷ் ஒரே வீட்டுக்குள் பெட்டிகளைக் கேபிளால் இணைக்கும். அதைத் தாண்டி வெளியே போகாது.

2005 நவம்பரில் டிஎஸ் என்ற கையடக்கப் பெட்டிக்கு மரியோ கார்ட் டிஎஸ் வந்த பிறகுதான் உண்மையான தொடக்கம். கூடவே வந்தது ஃப்ரெண்ட் கோடு. 12 இலக்க எண். ஆளுக்கு ஒன்று என்றால்கூடப் பரவாயில்லை, கேமுக்கு ஒன்று. நான் உங்கள் எண்ணை அடிக்க வேண்டும், நீங்கள் என் எண்ணை அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பதிந்த பிறகுதான் நண்பர்கள். அடுத்த கேம் வாங்கினால் மறுபடி முதலிலிருந்து. முன்பின் தெரியாதவர்களோடு ரேஸ் விடலாம், ஆனால் ஒரு வார்த்தை பேச முடியாது. என் டெலிபோன் டைரியின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்கள் இன்னும் இருக்கின்றன. எது யாருடையது என்றுதான் தெரியவில்லை.

இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த கையடக்கப் பெட்டியான 3டிஎஸ்ஸில் ஸ்வாப்நோட் என்று ஒன்று இருந்தது, கையால் எழுதி, படம் வரைந்து அனுப்புகிற கடிதம். 2013 அக்டோபர் 31 அன்று இணையம் வழியாக அனுப்பும் வசதியை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிறுவர்கள் உட்படச் சிலர் முகம் தெரியாதவர்களோடு ஃப்ரெண்ட் கோடு மாற்றிக்கொண்டு, ஆபாசமானவற்றை அனுப்பிக்கொள்ள இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதே சொன்ன காரணம். குழந்தைகளுக்கு விற்கிற கம்பெனி. பயம் நியாயமானது. பிறகு வந்த ஸ்விட்ச் பெட்டியில் குரலில் பேச போனில் தனி ஆப், அதற்கென 2017-ல் ஸ்ப்ளாட்டூன் 2 கேமோடு வந்த ஹெட்செட், அதிலிருந்து ஒரு ஒயர் போனுக்கு, ஒரு ஒயர் ஸ்விட்சுக்கு, இன்னொன்று தலைக்கு என்று ஜடை பின்னியதெல்லாம் கோமாளித்தனம்தான். இருந்தாலும் எதற்குப் பயந்து அப்படிச் செய்தார்கள் என்றாவது புரிகிறது.

எனக்குப் புரியாதது வேறு. நாம் காசு கொடுத்து வாங்கியதை எங்கே எழுதி வைத்தார்கள் என்று பாருங்கள். வீ என்ற பெட்டியில் ஆன்லைன் கடை திறந்தது 2006-ல். வாங்கிய கேம் ஆள் பெயரில் இல்லை, பெட்டியின் பெயரில். அதே காலத்தில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீமில் எந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்தாலும் வாங்கியது நம்மோடு வரும். நிண்டெண்டோவில் 2012-ல் அடுத்த பெட்டியான வீ யூ வந்தபோது, பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் பக்கத்தில் வைத்து, எஸ்டி கார்டை இதிலிருந்து உருவி அதில் செருகி மாற்ற வேண்டும். மாறுகிற நேரத்தில் திரையில் அவர்களுடைய கேம் ஒன்றில் வரும் குட்டிக் குட்டிப் பிக்மின்கள் வரிசையாக வந்து நம் டேட்டாவைத் தூக்கிக்கொண்டு போய் ராக்கெட்டில் ஏற்றும். அழகு! நானும் எழுந்து போகாமல் முழுசாகப் பார்த்தேன். ஆனால் ஒரு லாகின் செய்ய வேண்டிய வேலையை அத்தனை பிக்மின்கள் சேர்ந்து செய்துகொண்டிருந்தன. குழந்தைகள் பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இது வெறும் அசட்டை.

அந்த அசட்டை முடிவுக்கு வர, வெளியே இருந்து ஆள் வேண்டியிருந்தது. 2015 மார்ச்சில் அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா, மொபைல் கேம் கம்பெனியான டிஎன்ஏவோடு கூட்டு அறிவித்தார். எல்லாரும் மரியோ போனுக்கு வருகிறான் என்பதைத்தான் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது, ஆளுக்கு ஒரு அக்கவுன்ட் என்ற அமைப்பையும் அவர்கள் சேர்ந்து கட்டப்போகிறார்கள் என்பது. அந்த ஜூலையில் இவாட்டா இறந்துவிட்டார், 55 வயதில். அடுத்த வருடம் நிண்டெண்டோ அக்கவுன்ட் வந்தது. ஸ்விட்சில் நாம் வாங்குவது அதில்தான் பதிகிறது.

2018 செப்டம்பரில் ஸ்விட்சில் ஆன்லைனில் ஆடக் கட்டணம் போட்டார்கள், வருடத்துக்கு 20 டாலர். அப்போது போட்டியாளர்கள் 60 வாங்கினார்கள், அதைப் பார்த்தால் இது மலிவு. ஆனாலும் ஸ்மாஷ் போன்ற சண்டை கேமில் ஆடுகிறவர்களின் பெட்டிகளே நேரடியாகப் பேசிக்கொள்ளும். எதிராளி வீட்டு வைஃபை சுமார் என்றால் நம் ஆட்டமும் திணறும். ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கில், இணைய ஒயர் செருகும் லேன் போர்ட் வந்ததே 2021-ல், ஓலெட் மாடலோடுதான்.

2020 லாக்டவுனில் நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா பெண்ணின் அனிமல் கிராஸிங் கேம் தீவுக்கு நான் டொராண்டோவிலிருந்து போவேன். தீவுக்குள் நுழைவதற்கான ஐந்தெழுத்து டோடோ கோடை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அங்கே ஒரு வினோதம்: புதிதாக யாராவது வந்து இறங்கினால் தீவில் இருக்கிற அத்தனை பேரும் அப்படியே நிற்க வேண்டும், விமானம் வரும் திரை எல்லாருக்கும் ஓடும். "மாமா, என் ஃப்ரெண்ட் வர்றா, இருங்க" என்பாள் பக்கத்தில் வைத்த போனில். காத்திருக்கிற நேரத்தில்தான் அன்றைய ஆன்லைன் கிளாஸ் கதை முழுக்கச் சொல்வாள். அந்தப் போனில் நடந்த பேச்சை இப்போது அடுத்த பெட்டியான ஸ்விட்ச் 2-வில் சி பட்டனாகவே வைத்துவிட்டார்கள். 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஆப்பில் அனுமதி கொடுக்க வேண்டும். சரியான ஏற்பாடு.

இதற்கு நடுவே 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ கடைகளை மூடினார்கள். 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டத்தையும் நிறுத்தினார்கள். கார்ட்ரிட்ஜிலும் டிஸ்க்கிலும் இருப்பவை அவை பாட்டுக்கு ஓடுகின்றன. ஆனால் ஸ்விட்ச் 2-வின் சில கார்டுகளில் கேமே இல்லை, சாவி மட்டும்தான். முதல் தடவை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், அப்புறமும் கார்டைச் செருகினால்தான் ஓடும். இந்த வகையை அதிகம் எடுப்பது வெளிக் கம்பெனிகள்தான். வழியைத் திறந்துவிட்டது நிண்டெண்டோ. பெட்டியின் முன்பக்கம் கீழே அறிவிப்பு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பணம் கட்டுகிறேன்.