வலது கட்டைவிரலுக்கு இரட்டை வேலை

கன்ட்ரோலரில் ஷூட்டிங் கேம் ஆடுகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறி தப்புவது பெரும்பாலும் குதிக்கிற நேரத்தில்தான் இருக்கும். கோளாறு கண்ணில் இல்லை, வலது கட்டைவிரலில். வலது ஸ்டிக்கைத் திருப்பிக் குறி பார்ப்பது அந்த விரல். குதிக்க எக்ஸ், குனிய வட்டம், துப்பாக்கி மாற்ற முக்கோணம், குண்டு நிரப்ப சதுரம் என்று நாலு பட்டனையும் அமுக்க வேண்டியதும் அதே விரல். ஸ்டிக்கை விட்டுவிட்டு எக்ஸ் வரை போய்த் திரும்புவதற்குள் கேமரா அப்படியே நின்றுவிடும், எதிராளி நகர்ந்துவிடுவான். எந்தப் பிடி நல்லது என்று நடக்கிற வாக்குவாதம் எல்லாம் கடைசியில் இந்த ஒரே சிக்கலில்தான் வந்து நிற்கும்.

(பிளேஸ்டேஷன் பெயர்களையே சொல்லிக்கொண்டு போகிறேன். எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது. 1, 2 மேல் விளிம்பில் உள்ள பட்டன்கள், எல்3, ஆர்3 என்றால் ஸ்டிக்கையே கீழே அமுக்குவது. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் எல்1, ஆர்1 என்றால் பம்பர், எல்2, ஆர்2 என்றால் ட்ரிகர், எக்ஸ் என்றால் ஏ, வட்டம் என்றால் பி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

விரலை வளைக்கும் வித்தைகளுக்குப் போகுமுன் சாதாரணப் பிடி ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள். இரண்டு கைப்பிடியும் உள்ளங்கையில் உட்கார வேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் அடியில் சுற்றிப் பிடிக்கும், நடுவிரல் ட்ரிகருக்குச் சற்றுக் கீழே முதுகுப்பக்கம் படிந்திருக்கும். ஆள்காட்டி விரல்கள் எல்2, ஆர்2 மேல், கட்டைவிரல்கள் ஸ்டிக் மேல். இப்போது கட்டைவிரல் இரண்டையும் ஆள்காட்டி விரல் இரண்டையும் மேலே தூக்குங்கள். மிச்சமுள்ள ஆறு விரல்களில் கன்ட்ரோலர் ஆடாமல் நிற்க வேண்டும். நழுவினால், பட்டன் அமுக்க வேண்டிய விரல்களையே தாங்குகிற வேலைக்கும் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தோடு, ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல மடக்கி முகப்புப் பட்டன்களை அமுக்கும் க்ளா பிடிக்குப் போனால் கன்ட்ரோலர் மடியில்தான் விழும்.

கட்டைவிரலின் நுனியால் ஸ்டிக்கைத் தள்ளுகிறவர்கள் நிறைய. நகத்தை ஒட்டிய நுனி வழுக்கும், வேர்த்தால் இன்னும் மோசம். விரலின் சதைப்பகுதி ஸ்டிக்கின் குழிவில் உட்கார்ந்து, முதல் மூட்டு லேசாக மடங்கியிருந்தால் சின்னச் சின்ன அசைவும் கட்டுக்குள் இருக்கும். ஸ்டிக்கை உயரமாக்கும் மூடிகள் கடையில் கிடைக்கின்றன. உயரம் கூடினால் அதே சாய்வுக்கு விரல் அதிக தூரம் போக வேண்டும், அதனால் நுணுக்கமாகக் குறி வைக்கலாம். வலது ஸ்டிக்குக்கு மட்டும் போட்டால் போதும். இடது ஸ்டிக்கில் வேண்டியது வேகம், அதை உயர்த்தி லாபமில்லை.

ஒரு பக்கத்துக்கு எத்தனை விரல் மேலே? பொதுவாக ஒன்று, அதாவது ஆள்காட்டி விரலே ஆர்1-க்கும் ஆர்2-க்கும் மாறி மாறிப் போகும். இரண்டு வைத்தால் ஆள்காட்டி ஆர்1-இல், நடுவிரல் ஆர்2-இல். கால்பந்து கேம்களில் இது நன்றாக உதவும். ஆர்2-வை அமுக்கிக்கொண்டே ஓடி, அதை விடாமல் ஆர்1-ஐ அமுக்கிப் பந்தை வளைத்து அடிக்கலாம். அங்கே வலது ஸ்டிக்கில் கேமரா கிடையாது என்பதால் க்ளா பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை யாருக்கும் இல்லை. 1983-இல் வந்த நின்டெண்டோ ஃபாமிகாமில் இடது பக்கம் டி-பேட் என்ற திசைப் பட்டன், வலது பக்கம் பி, ஏ என்று இரண்டே பட்டன். மரியோ ஆடியவர்கள் கட்டைவிரலைப் படுக்கப் போட்டு, நுனியால் பி-யை அமுக்கி ஓடிக்கொண்டே, விரலின் நடுப்பகுதியைச் சாய்த்து ஏ-யில் குதித்தார்கள். ஒரே விரலில் இரண்டு பட்டன், அவ்வளவுதான். 1990-இல் சூப்பர் ஃபாமிகாம் தோளில் எல், ஆர் பட்டன்களை வைத்து ஆள்காட்டி விரலுக்கும் வேலை கொடுத்தது. 1994-இல் பிளேஸ்டேஷன் அதை நாலாக்கியது. 1997-இல் சோனி கன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக் சேர்ந்தபோதுதான் வலது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது.

க்ளா பிடி பெரிய அளவில் பரவியது இடது கையில் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்த சோனியின் கையடக்கக் கன்சோல் பிஎஸ்பி-யில் ஒரே ஒரு ஸ்டிக், அதுவும் டி-பேட்டுக்கு அடியில். அதில் மான்ஸ்டர் ஹன்டர் ஆடினால் நடப்பது ஸ்டிக்கில், கேமரா டி-பேட்டில். பெரிய மிருகம் சுற்றிச் சுற்றி வரும்போது ஓடவும் வேண்டும், திரும்பிப் பார்க்கவும் வேண்டும். இடது கட்டைவிரலை ஸ்டிக்கிலேயே விட்டுவிட்டு, ஆள்காட்டி விரலை மேலிருந்து கொக்கிபோல மடக்கி டி-பேட்டை அமுக்கினார்கள். ஜப்பானில் இந்தப் பிடிக்கு அந்த கேமின் பெயரே நிலைத்தது. 2011-இல் அதன் அடுத்த பாகம் நின்டெண்டோ 3டிஎஸ்ஸில் வந்தபோது, வலது பக்கம் இன்னொரு ஸ்டிக் கொடுக்கிற துணைக்கருவி ஒன்றையும் கூடவே விற்றார்கள். விரல் படுகிற பாட்டுக்குக் கருவியை மாற்றுவதுதான் முறை.

அதனால்தான் சொல்கிறேன்: விரலை மாற்றுமுன் பட்டனை மாற்றிப் பாருங்கள். கால் ஆஃப் டூட்டியில் டாக்டிகல் என்ற அமைப்பு குனிவதை ஆர்3-க்கும், கத்திக்குத்தை வட்டத்துக்கும் மாற்றிவிடும். பம்பர் ஜம்பர் அமைப்பில் குதிப்பது எல்1-க்குப் போகும். இரண்டும் சேர்ந்த அமைப்பும் உண்டு. அதைப் போட்டால் குதிக்கவோ குனியவோ வலது கட்டைவிரல் ஸ்டிக்கை விட வேண்டியதே இல்லை. குண்டு நிரப்புவதும் துப்பாக்கி மாற்றுவதும் எப்படியும் குறி பார்க்காத நேரத்து வேலைகள், அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். காசு செலவில்லை, விரல் வலியும் இல்லை. கை பழகும்வரை குனியப் போய்க் கத்தியை வீசிக்கொண்டிருப்பீர்கள், அது போகட்டும்.

கேமுக்குள் மாற்ற வழியில்லை என்றால் பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கன்ட்ரோலர்ஸ் என்று உள்ளே போனால் பட்டன்களை மாற்றி வைக்கலாம். ஆனால் இது மொத்த கன்சோலுக்கும் சேர்த்து மாறும். எக்ஸ்ஸையும் எல்1-ஐயும் மாற்றினால் மெனுவில் ஓகே கொடுக்கவும் எல்1 தான்.

ஆர்3 வழியில் ஒரு குறை உண்டு. ஸ்டிக்கைக் கீழே அமுக்கும்போது அது கொஞ்சம் பக்கவாட்டிலும் சாயும், குறி விலகும். நேர் கீழாக, மெதுவாக அமுக்கப் பழக வேண்டும். எல்3-இல் ஓடுவதும் இதே கதைதான். தானாகவே ஓட வைக்கும் ஆட்டோ ஸ்ப்ரின்ட் இருந்தால் போட்டுவிடுங்கள், அமுக்கி அமுக்கி ஸ்டிக் தேய்வது குறையும். தொடாமலே கேமரா தானாக நகர்ந்தால் ஸ்டிக் ட்ரிஃப்ட் ஆரம்பித்துவிட்டது. டெட்சோனை, அதாவது ஸ்டிக் லேசாக நகர்ந்தாலும் கேம் கண்டுகொள்ளாத அளவை, கூட்டினால் கொஞ்ச நாள் தள்ளலாம். கூட்டக் கூட்ட, நுணுக்கமான அசைவுகள் ஸ்டிக்கில் ஏறாமல் போகும்.

காரை ஓட்டிப் பந்தடிக்கும் ராக்கெட் லீக் ஆடுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. வழக்கமான அமைப்பில் பூஸ்ட் (வேகம் கூட்டுவது) வட்டத்தில், குதிப்பது எக்ஸில், பவர்ஸ்லைடும் (சறுக்கித் திரும்புவது) ஏர் ரோலும் (காற்றில் காரைப் புரட்டுவது) சதுரத்தில். காற்றில் பறக்கும்போது மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும், இருப்பதோ ஒரு கட்டைவிரல். வட்டத்தையும் சதுரத்தையும் ஒரே விரலால் சேர்த்து அமுக்கிப் பாருங்கள், புரியும். பூஸ்டை ஆர்1-க்கும் ஏர் ரோலை எல்1-க்கும் மாற்றி, ஆள்காட்டியை ஆர்1-இலும் நடுவிரலை ஆர்2-விலும் வைத்தால் கட்டைவிரலுக்குக் குதிப்பது மட்டுமே மிச்சம்.

முதுகில் பட்டன் உள்ள கன்ட்ரோலர்கள் அடுத்த வழி. 2015-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் எலைட்டில் நாலு துடுப்பு, 2023-இல் பிஎஸ்5-க்கு வந்த டூயல்சென்ஸ் எட்ஜில் இரண்டு. மேல் துடுப்பு நடுவிரலுக்கு, கீழ் துடுப்பு மோதிர விரலுக்கு. குதிப்பதை இடது நடுவிரலுக்குக் கொடுங்கள். வலது கை சுடுகிற கை. அதே கையின் நடுவிரலும் அழுத்தினால் உள்ளங்கை இறுகி, குறி பார்க்கும் கட்டைவிரல் அதிரும். நாலு துடுப்பையும் மாட்டிக்கொண்டு நெருக்கடியில் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தால் தானாகவே குதிப்பீர்கள். எலைட்டின் துடுப்புகள் கழற்றக்கூடியவை, கீழ் இரண்டையும் கழற்றிவிட்டால் தீர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு க்ளா வேண்டும் என்றால் வலது கையில் மட்டும் செய்யுங்கள். கட்டைவிரல் ஸ்டிக்கில். ஆள்காட்டி விரல் மேல் விளிம்பைத் தாண்டி மடங்கி வந்து முகப்புப் பட்டன்களின் மேல் நிற்கும். முக்கோணமும் வட்டமும் எளிதில் எட்டும், எக்ஸுக்கு இன்னும் மடக்க வேண்டும். சதையால் அல்ல, நுனியின் பக்கவாட்டால் அமுக்குவீர்கள், நகம் வளர்ந்திருந்தால் பட்டனில் இடிக்கும். நடுவிரல் ஆர்2-வில். தாங்குவதற்கு மிஞ்சுவது மோதிர விரலும் சுண்டுவிரலும்தான். ஆர்1 வேண்டுமானால் மடங்கிய ஆள்காட்டியின் அடிப்பகுதியால் தட்டலாம். கை சின்னதாக இருந்தால் ஆர்1-ஐ மறந்துவிடுங்கள்.

பழகும்போது சுட வேண்டாம். பயிற்சி மைதானத்தில் ஒரு பொம்மையைச் சுற்றி நடந்துகொண்டே குதியுங்கள், குறி பொம்மையை விட்டு விலகக் கூடாது. எக்ஸ் மட்டும் முதலில், அது கைக்கு வந்த பிறகு வட்டம், கடைசியில்தான் சுடுவது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முதலில் குறி முன்பைவிட மோசமாகும். கை திரும்பிய கோணம் மாறிவிட்டதால் கட்டைவிரல் வேறொரு அச்சில் சுழல்கிறது, நடுவிரலுக்கோ சுடும் பழக்கமே இல்லை. பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் ட்ரிகர் எதிர்த்துத் தள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள், நடுவிரல் சீக்கிரம் களைக்கும்.

ஃபோனில் பிஜிஎம்ஐ என்ற ஷூட்டிங் கேமை நாலு விரல் க்ளாவில் ஆடியவர்கள் கன்ட்ரோலரிலும் அதையே தேடுவார்கள். அவசியமில்லை. ஃபோனில் ஆள்காட்டி விரலைத் திரைமேல் கொண்டுவந்ததே கட்டைவிரலை எடுக்காமல் சுடுவதற்காகத்தான். கன்ட்ரோலரில் அந்த விரலுக்கு ட்ரிகரே இருக்கிறது.

விரல் வித்தையின் உச்சம் என்று கேட்டால் நெஸ் (ஃபாமிகாமின் வெளிநாட்டுப் பதிப்பு) டெட்ரிஸைத்தான் காட்டுவேன். 1989-இல் வந்த கேம். டி-பேட்டை அமுக்கிப் பிடித்தால் துண்டு ஒரு கட்டம் நகர்ந்து, 16 ஃப்ரேம் (நொடிக்குச் சுமார் 60 ஃப்ரேம்) காத்திருந்து, பிறகு 6 ஃப்ரேமுக்கு ஒரு கட்டமாக நகரும். நொடிக்குச் சுமார் 10 கட்டம். 29-ஆம் லெவலில் துண்டு ஃப்ரேமுக்கு ஒரு வரிசை விழும், 20 வரிசையும் மூன்றில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அமுக்கிப் பிடித்து ஓரத்துக்குப் போகவே முடியாது. கட்டைவிரலை நடுங்கவிட்டுத் தட்டுகிற ஹைப்பர்டேப்பிங் முறையில் 2018 உலகப் போட்டியை 16 வயது ஜோசப் சேலி வென்றார். பிறகு சீஸ் என்ற பெயரில் ஆடும் கிறிஸ்டோபர் மார்ட்டினெஸ் ரோலிங் முறையைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் டி-பேட்டின் மேல் சும்மா நிற்கும். மற்றக் கையின் விரல்கள் கன்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலர் எம்பி, பட்டன் கட்டைவிரலில் வந்து இடிக்கும். நாலு விரல் ஒரு முறை உருண்டால் நாலு அமுக்கு. கட்டைவிரலின் எதிர்ப்பு கொஞ்சம் குறைந்தால் அமுக்கு பதியாது, கூடினால் பட்டன் திரும்ப எழும்பாது. ப்ளூ ஸ்கூட்டி என்ற 13 வயதுப் பையன் 2023 டிசம்பர் 21 அன்று கேமே உறைந்து நிற்கும்வரை ஆடியது இந்த முறையில்தான், 157-ஆம் லெவலில்.

வலி விஷயம். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுரீர் என்றால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். கன்ட்ரோலரை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் பார்க்க வேண்டிய இடம் விரல் இல்லை, முழங்கை. மடக்கிய முழங்கையைக் கடினமான நாற்காலிக் கையில் ஊன்றி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கும். முழங்கையைக் கொஞ்சம் விரித்து, முன்கையைத் தொடையிலோ தலையணையிலோ வைத்து, மணிக்கட்டு மடங்காமல் பிடியுங்கள். க்ளாவில் ஆள்காட்டியின் நடு மூட்டு வலித்தால் அன்றைக்கு பம்பர் ஜம்பருக்கு மாறிக்கொள்ளுங்கள்.