பியானோ ரோலில் தாவிய கார்ட்கள்

ஒரு மியூசிக் புரொடக்‌ஷன் கோர்ஸின் கடைசித் தேர்வுக்காக நான் கொடுத்த ட்ராக்கில் ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கே கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டம்). எல்லாரும் போடுகிற வரிசைதான். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில், முழு கார்டையும் ஒரே கிளிக்கில் பதிக்கும் ஸ்டாம்ப் கருவியில் மேஜர், மைனர் என்று தேர்ந்தெடுத்து நாலு கிளிக்கில் வேலையை முடித்திருந்தேன். மதிப்பெண்ணோடு வந்த குறிப்பு ஒரே வரி: கார்ட் சரி, வாய்சிங் இல்லை.

வாய்சிங் என்றால் கார்டின் சுரங்களை எந்த உயரத்தில், எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பது. அது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஸ்டாம்ப், கார்டின் மூலச் சுரமான ரூட்டை அடியில் வைத்து, எல்லா கார்டையும் ஒரே அச்சில் வார்த்துத் தருகிறது. கார்ட் மாறும்போது அந்தக் கட்டு மொத்தமாக எகிறிக் குதிக்கும். ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு மென்பொருளில் உள்ள கார்ட் எஃபெக்டும் அப்படித்தான். அமுக்கும் சுரத்தோடு இன்னும் ஆறு சுரம் வரை சேர்க்கும், ஆனால் இடைவெளி மாறாது. பியானோ வாசிப்பவர் கையை அப்படித் தூக்கித் தூக்கி வைக்க மாட்டார். பொதுவான சுரத்தில் விரலை அப்படியே விட்டுவிட்டு, மற்ற விரல்களைப் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்துவார்.

இனி சுரப் பெயருக்குப் பதில், மென்பொருள் ஒவ்வொரு கட்டைக்கும் தரும் மிடி எண் சொல்கிறேன். ஓர் எண் கூடினால் பக்கத்துக் கட்டை, அதாவது ஒரு செமிடோன்; 12 கூடினால் ஓர் ஆக்டேவ். காரணம் உண்டு. நடு சி என்பது மிடியில் 60. லைவ் அதை சி3 என்கிறது, எஃப்எல் சி5 என்கிறது. லைவில் செய்த ஒரு பாடத்தைப் பார்த்து எஃப்எல்லில் சி3 போட்டு, முழு கார்டையும் இரண்டு ஆக்டேவ் கீழே இறக்கிவிட்டேன். எண் 36, சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் மூன்று சுரத்தை நெருக்கி வைத்தால் கார்ட் கேட்காது, உறுமல்தான் கேட்கும். ஈக்யூவை (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகி இரண்டு இரவை வீணாக்கினேன். பேஸுக்கு ஒற்றைச் சுரம், நெருக்கமான கார்ட் 48-க்கு மேலே: இதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

சரி, அந்த நான்கு கார்டுக்கு வருவோம். பேஸில் 45, 41, 48, 43. மேலே ஏ மைனருக்கு 57, 60, 64. எஃப்புக்குப் போகும்போது 64 மட்டும் 65 ஆனால் போதும். சிக்கு 55, 60, 64. ஜிக்கு 55, 59, 62. பேஸைத் தவிர ஒரு சுரமும் இரண்டு செமிடோனுக்கு மேல் நகரவில்லை. கேட்டதும் ஒரே ஆள் வாசிப்பது போல இருந்தது.

ஆனால் லூப் திரும்பும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஜியிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது பேஸும் மேலே உள்ள மூன்றும் சேர்ந்து ஏறுகின்றன. ஹார்மனி தேர்வுத் தாளில் எழுதினால், இரண்டு குரல் அதே இடைவெளியோடு ஒரே திசையில் நகரும் பேரலல் ஃபிஃப்த், பேரலல் ஆக்டேவ் இரண்டுக்கும் சிவப்புக் கோடு விழும். ஜியை 59, 62, 67 என்று மாற்றுங்கள். பேஸ் ஏறும்போது மேலே உள்ளவை 57, 60, 64-க்கு இறங்கும். அசைவு கொஞ்சம் கூடினாலும் பிழை போய்விடும். ஹவுஸ் என்ற நடன இசை ட்ராக் செய்பவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். அங்கே கார்டை அப்படியே நகர்த்துவதே பாணி. எந்தத் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு எனக்கு உதவியது நிறம். சுரங்களைக் கட்டங்களாக வரையும் எஃப்எல் பியானோ ரோலில் சுரங்களுக்கு 16 நிறம் கொடுக்கலாம். மேல் குரல், நடுக் குரல், கீழ்க் குரல் என்று மூன்றுக்கும் தனித்தனி நிறம் கொடுத்து, ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் பாடிப் பாருங்கள். வாய்க்கு வராத இடத்தில்தான் கோளாறு இருக்கும். சுரத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு மேல், கீழ் அம்பை அழுத்தினால் ஒரு செமிடோன், கன்ட்ரோலோடு அழுத்தினால் ஒரு ஆக்டேவ் நகரும்.

அப்புறம் நான்கு சுரமுள்ள செவன்த் கார்டுக்கு வந்தால் டிராப் டூ போதும். சி மேஜர் செவன்த்தின் 60, 64, 67, 71-இல் மேலிருந்து இரண்டாவதான 67-ஐ ஓர் ஆக்டேவ் இறக்குங்கள். 55, 60, 64, 71 கிடைக்கும். மேலே உள்ள 71-க்கும் அதற்கு அடுத்த 64-க்கும் நடுவே இடம் விழுவதால் பாடகர் குரலுக்கு வழி கிடைக்கிறது. மறுமுறை கொடுத்த ட்ராக்கில் இதைத்தான் செய்தேன், ஈக்யூவைத் தொடவே இல்லை.