பால் டீ நிறத்தில் ஆயில்

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்கள் பம்ப் மறுபடியும் ஆயில் விட ஆரம்பித்தது. நாமக்கல்லில் வாட்டர் சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரம் என்னவென்று தெரியும். லாரி, டிராக்டர், வேன், கார் என்று விடியுமுன்பே வரிசை நிற்கும். அந்த நேரத்தில் பம்ப் படுத்துவிட்டால், வருடம் முழுக்க நம்மிடமே வண்டி விடுகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு அதை நினைத்தாலே வயிறு கலங்கியது.

எங்களுடையது மூன்று பிளஞ்சர், அதாவது முன்னும் பின்னும் போய்த் தண்ணீரைத் தள்ளும் தண்டு, வைத்த பம்ப். 5 எச்பி மோட்டார், பெல்ட் டிரைவ், 100 பார் வரை பிரஷர். ஒரு மாதத்துக்கு முன்புதான் புல்லி பக்கத்தில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீலை மாற்றியிருந்தேன். புல்லிக்குப் பின்னால் முழுக்க ஆயில் தெறித்துக் கிடந்ததால் அந்த சீல்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். புது சீல் போட்டு மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே பிசுபிசுப்பு. சீல் மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் கேட்கக் கிளம்பினேன். வழியில் லேத் பட்டறை அண்ணனிடம் சொன்னபோது, "மொதல்ல பம்பை சுத்தமா தொடச்சுட்டு ஓட்டிப் பாரு தம்பி, அழுக்கோட இருந்தா ஒண்ணும் தெரியாது" என்றார்.

சரி என்று மெயினை அணைத்து, தண்ணீர் அடிக்கும் கன்னை அழுத்திப் பிரஷரை வெளியேற்றிவிட்டு, டீசலும் வேஸ்ட் துணியுமாக உட்கார்ந்தேன். நன்றாகக் காய்ந்ததும் பம்பின் மேல் முழுக்கக் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவினேன். அடியில் செய்தித்தாள் விரித்து, பெல்ட் கார்டை மாட்டி, கால் மணி நேரம் ஓட்டினேன். நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் சீல் ஓரத்தில் பவுடர் வெள்ளையாக அப்படியே இருக்கிறது. ஈரக்கோடு தொடங்கியது மேலே, ஆயில் ஊற்றும் மூடியில். காற்று போவதற்கு அந்த மூடியில் இருக்கும் ஓட்டை வழியாகக் கசிந்து, பக்கவாட்டில் இறங்கி ஷாஃப்ட்டை எட்டியிருக்கிறது. சுற்றும் புல்லி அதை அள்ளி நாலா பக்கமும் அடித்திருக்கிறது. நல்ல சீலைத்தான் கழற்றி எறிந்திருக்கிறேன்.

மூடி வழியாக ஆயில் வருகிறதென்றால் உள்ளே அளவு கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் அளவைப் பார்க்கும் கண்ணாடியான சைட் கிளாஸ் மங்கலாக இருந்ததால் மட்டம் எனக்குத் தெரியவே இல்லை. கசிகிறதே, குறைந்திருக்கும் என்று இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியும் வைத்திருந்தேன். டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். முக்கால் லிட்டர் பிடிக்கும் பம்பிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. நிறம் அசல் பால் டீ. தண்ணீர் கலந்த ஆயில். அது பேரிங்கைச் சரியாக நனைக்காது. இப்படியே பூஜை வாரம் முழுக்க ஓட்டியிருந்தால் கிராங்க்கே போயிருக்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. தண்ணீர் ஓடும் ஹெட்டுக்கும் ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவே, பிளஞ்சர்களுக்குக் கீழே சின்னத் திறப்புகள் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர் பேக்கிங், மறுபக்கம் ஆயில் சீல். எது தேய்ந்தாலும் கசிவு அந்தத் திறப்பு வழியாகக் கீழே சொட்டும். தண்ணீர் சொட்டினால் பேக்கிங், ஆயில் சொட்டினால் பிளஞ்சர் ஆயில் சீல். எங்கள் பம்பில் ஒன்றுமே சொட்டவில்லை. ஷாம்பு நுரையும் லாரி மண்ணும் சேர்ந்து அந்தத் திறப்புகளை சிமெண்ட் மாதிரி அடைத்திருந்தன. பேக்கிங்கைத் தாண்டிய தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. தேங்கி நின்று, பிளஞ்சரின் ராட் போய் வரும்போதெல்லாம் ஆயில் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே நுழைந்திருக்கிறது.

அன்று இரவே அலன் கீ போட்டு ஹெட்டைக் கழற்றினோம். ரப்பர் சுத்தியலால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தட்டி, கோணாமல் நேராக இழுக்க வேண்டும். கோணினால் பிளஞ்சரின் மேலுள்ள செராமிக் உறை உடையும். மூன்றில் ஒரு செராமிக்கில் நகம் வைத்துத் தடவினால் கோடு தட்டியது. பேக்கிங் மூன்றும் கல்லாக இறுகியிருந்தன. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அது ஒரு காரணம். இன்னொன்று, பையன்கள் கன்னை மூடிவிட்டு மோட்டாரை அணைக்காமல் ஷாம்பு போடப் போய்விடுவார்கள். கன் மூடியிருக்கும்போது பைபாஸ் ஓஸ் வழியாகத் திரும்பும் தண்ணீர் பம்பின் இழுப்புக் குழாய்க்கே வருவதால், அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும். அந்தச் சூட்டில்தான் ரப்பர் வெந்து இறுகும்.

ஒரு செராமிக், மூன்று செட் பேக்கிங், மூன்று பிளஞ்சர் ஆயில் சீல், செராமிக்குக்கு உள்ளே வரும் ஓரிங் எல்லாம் புதிது. ஆயில் சீலில் ஸ்பிரிங் தெரியும் முகம் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதல் நாளே கசியும். ராட் முனை உதட்டைக் கிழிக்காமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆயில் தடவி நுழைத்தேன். புது ஆயில் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் கன் திறந்தபடி ஓட்டி வடித்தேன். வந்தது இன்னும் வெளிறித்தான் இருந்தது. மறுபடியும் ஒரு முறை. அப்புறம்தான் சைட் கிளாஸின் நடுப்புள்ளி வரை நிரப்பினேன்.

பைபாஸ் ஓஸை இப்போது தொட்டியிலேயே விட்டிருக்கிறேன். மோட்டார் சுவிட்சையும் கன் மாட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டேன், பையன்கள் நடக்க வேண்டியதில்லை. வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்தோம்.

பூஜைக்கு முந்தின நாள் விடியற்காலையிலிருந்து ராத்திரி பதினொன்று வரை பம்ப் ஓடியது. அடியில் விரித்த செய்தித்தாளில் தண்ணீர்ச் சொட்டு இரண்டு மூன்று இருந்தது, ஆயில் இல்லை. 50 மணி நேரம் ஆனதும் முதல் ஆயிலை மாற்றினோம். பெரிய பையன் டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்து, "அண்ணா, தேன் மாதிரி இருக்குங்ண்ணா" என்றான். சனிக்கிழமைதோறும் பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியால் அந்தத் திறப்புகளைக் குத்தி விடுவது இப்போது அவன் வேலை.