ஆர்எக்ஸ்-78-2: வெட்டியது, பூசியது, நிற்கவைத்தது

கிட்: கன்டம் அனிமேயின் நாயக ரோபோ; பாகங்களை வெட்டிக் கோக்கும் மாதிரிப் பொம்மை. பண்டாய் நிறுவனத்தின் எச்.ஜி. (ஹை கிரேட்) வரிசை, 1/144 அளவு, 2015இல் வந்த ரிவைவ் (புதுப்பித்த) பதிப்பு. கதைப்படி 18 மீட்டர் உயரம்; மேசையில் 12.5 செ.மீ. பசை வேண்டாம், நிறமும் பிளாஸ்டிக்கிலேயே வருகிறது. ஆகவே உழைப்பெல்லாம் வெட்டுவதிலும் மேல்பூச்சிலும் நிற்கவைப்பதிலும்தான்.

பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டமான ரன்னரிலிருந்து முதல் வெட்டு 3–4 மி.மீ. தள்ளி. பாகம் கைக்கு வந்தபின் நிப்பரின் (வெட்டுக்குறட்டின்) தட்டைப் பக்கத்தைப் பாகத்தை நோக்கி வைத்து, அரை மி.மீ. விட்டு இரண்டாம் வெட்டு. மிச்சத்தைக் கத்தியால் சீவி 400, 600, 1000 என்று உப்புத்தாள் போட்டால் தடம் போய்விடும். மார்பின் நீலப் பாகம் ஒன்றை அவசரத்தில் ஒட்ட வெட்டியதில் அந்த இடம் வெளுத்தது. நிப்பர் நெரித்த அழுத்தம்தான் காரணம். நகத்தால் அழுத்தித் தேய்த்ததும் பாதி அடங்கியது. வெள்ளைப் பாகங்களில் இந்தக் கவலை இல்லை.

மூட்டுகளை மூடுமுன் பாலிகேப் (தண்டைப் பிடித்துக்கொள்ளும் மென்பிளாஸ்டிக் குமிழ்) உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியபின் பிரிப்பது பெரும்பாடு. சந்தேகமுள்ள இடத்தில் பாகங்களை இணைக்கும் முள்ளின் நுனியைச் சாய்வாக நறுக்கிவிட்டால் திரும்பக் கழற்ற வரும்.

பரப்பில் பள்ளமாக ஓடும் பேனல் கோட்டுக்கு வெள்ளையில் சாம்பல் நிற மார்க்கர். கறுப்பு போட்டால் பொம்மை கார்ட்டூன் ஆகிவிடுகிறது. எனாமல் மை பள்ளத்தில் தானாக ஓடும், அழகுதான். ஆனால் அதன் தின்னர் இறுக்கிச் செருகிய முட்களில் ஊறினால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பினாங்கில் சோதனையே மேட் டாப்கோட்தான் (பளபளப்பை அடக்கும் மேல்பூச்சு ஸ்ப்ரே). மழை விட்ட மாலையில் அஞ்சடியில் (கடைவரிசை முன்நடையில்) வைத்து அடித்த கேடயம் பத்து நிமிடத்தில் சாம்பல் பூத்தது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மறுநாள் வெயில் ஏறியபின் அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்ததும் வெளுப்பு கரைந்தது. மீதிப் பாகங்களுக்கு நண்பகல், 25 செ.மீ. தூரம், பத்து நிமிட இடைவெளியில் இரண்டு மெல்லிய பூச்சு. முகமூடி அவசியம். கண்ணையும் பீம் சேபரின் (ஒளிவாளின்) ஒளிபுகும் பாகத்தையும் கழற்றி வைக்காவிட்டால் பளபளப்பு செத்துவிடும்.

நிற்கவைக்கும்போது இரண்டு காலையும் நேராக வைத்தால் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி இருக்கிறது. எடையை வலக்காலில் போட்டு, இடது முழங்காலைச் சற்று மடக்கி, இடுப்பை ஒரு பக்கமும் மார்பை எதிர்ப்பக்கமும் திருப்பினால் உயிர் வருகிறது. பாதம் முழுதாகத் தரையில் படியக் கணுக்காலைச் சாய்ப்பதை மறக்காதீர்கள். உள்ளங்கால் விளிம்பில் தெரியும் இடைவெளிதான் முதலில் கண்ணில் படும். மோவாய் கொஞ்சம் கீழே. படம் எடுப்பதானால் கேமரா அதன் முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டும்.

பீம் ரைஃபிள் பிடித்த கை மறுநாளே தொங்கிவிட்டது. தோள் தண்டு பாலிகேப்பில் தளர்ந்திருந்தது. பாலிகேப்பில் பசை ஒட்டாது. ஆகவே சூப்பர் குளூவைத் தண்டின் மேல் பல்குத்தும் குச்சியால் ஒரு படலம் தடவி, ஓர் இரவு முழுக்கக் காயவிட்டுச் செருகியாயிற்று. மூன்று நாளாகத் துப்பாக்கி இறங்கவில்லை.