இரண்டாவது குறி: ஊராட்சிப் பணியாளர் விருதுக்கு ஊரே வாக்களித்த அனுபவம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்பதால், நன்றாகப் பணியாற்றும் ஊராட்சிப் பணியாளர்களைச் சிறப்பிப்பதும் அன்றைய கூட்டப் பொருள்களில் ஒன்றாக வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊராட்சியில் முதலாம் ஆண்டு இருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டேன். முந்தைய நாள் இரவு நாலைந்து பேர் கூடிப் பேசி முடிவு செய்ததாகச் சொன்னார்கள். அந்த இருவரும் தகுதியில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்துக்கு ஜமுக்காளம் விரித்து, நாற்காலி போட்டு, முடிந்த பிறகு தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் தூய்மைக் காவலர்கள் ஏழு பேரில் ஒருவர் பெயர்கூட அன்று ஒலிபெருக்கியில் வரவில்லை. அது எனக்கு மிகவும் உறுத்தியது.

நான் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். நூலகத்துக்கு வரும் ஆறு பேர் சேர்ந்து, அடுத்த ஆண்டு யாரைச் சிறப்பிப்பது என்பதை ஊரே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று எண்ணி, 2023 ஜூலையில் வேலையைத் தொடங்கினோம். எங்களைப் போல் வேறு ஊர்களிலும் யாரேனும் முயன்றால் பயன்படும் என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஊராட்சித் தலைவரிடமும் ஊராட்சி செயலரிடமும் மனு கொடுத்தோம். தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். மேலே ஓர் அலுவலகத்துக்குப் போன மனுவின் நகல் மட்டும் ஐந்து வாரம் அங்கேயே கிடந்தது. நாங்கள் மூன்று முறை நேரில் போன பிறகு, பணியாளர்களுக்குப் பொதுமக்கள் பணமாகவோ பொருளாகவோ எதுவும் கொடுக்கக் கூடாது, ஊராட்சி நிதியிலிருந்தும் செலவு செய்யக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு வாய்மொழியாக அனுமதித்தார்கள். தாமதம் எங்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் முதல் நிபந்தனை நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். குழாயைத் திறந்துவிடுகிறவருக்கு ஊரார் பரிசு கொடுக்கத் தொடங்கினால், நாளைக்கு யார் வீட்டுத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும் என்ற பேச்சு எழும். வரப்போகும் தேர்தலில் நிற்க எண்ணிய ஒருவர் விருதுக்கு 10,000 ரூபாய் தருவதாகச் சொன்னபோதும் அதே காரணத்தைச் சொல்லி மறுக்க எங்களுக்கு வசதியாக இருந்தது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகவும் வைத்து நிறைவேற்றிக்கொண்டோம். இந்தத் தீர்மானம் இல்லாவிட்டால், பின்னால் வந்த சிக்கல்களில் எங்களுக்குக் கால் ஊன்ற இடம் இருந்திருக்காது.

போட்டிக்கு உரியவர்கள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர்கள் மூவர், தூய்மைப் பணியாளர்கள் இருவர், தூய்மைக் காவலர்கள் எழுவர் என மொத்தம் 12 பேர். வாக்காளர் பட்டியல் தன் கையில் இருப்பதால் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று ஊராட்சி செயலர் தாமாகவே விலகிக்கொண்டார்.

முதல் கட்டமாகப் பரிந்துரைத் தாள் கொடுத்தோம். பணியாளர் பெயர், அவர் உங்களுக்கோ உங்கள் தெருவுக்கோ செய்தது என்ன, எப்போது செய்தார் என்று மூன்றே கேள்விகள். திரும்பி வந்த தாள்களைப் பார்த்தபோதுதான் எங்கள் ஊரின் நிலை எனக்கு முழுமையாகப் புரிந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘டேங்க் ஆள்’, ‘குப்பை வண்டி அம்மா’, ‘மேலத்தெருவுக்கு வர்ற பொண்ணு’ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பத்தாண்டுகளாகத் தினமும் வாசலுக்கு வருகிறவரின் பெயர் பாதி வீடுகளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நாங்கள் திரும்ப அதே வீடுகளுக்குப் போய், பெயரைக் கேட்டுத் தெரிந்து எழுதிக் கொடுங்கள் என்றோம். சிலர் எரிச்சல்பட்டார்கள். பலர் மறுநாள் காலை வண்டி வந்ததும் வாசலில் நின்று பெயர் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ‘என்ன செய்தார்’ என்ற இடத்தில் எழுதியிருந்தவை ஒவ்வொன்றும் பொன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தபோது, ஒரு தொட்டி இயக்குபவர் வாடகை ஜெனரேட்டரை இழுத்துவந்து, தன் வீட்டுக் கூரை பறந்து கிடப்பதைப் பார்க்கக்கூடப் போகாமல் இரவெல்லாம் தண்ணீர் ஏற்றியதை ஒரு பெண்மணி எழுதியிருந்தார். இன்னொருவர், அதே தொட்டி இயக்குபவர் 5, 20 ஆகிய தேதிகளில் தவறாமல் தொட்டியைக் கழுவிப் பக்கச் சுவரில் தேதி எழுதுவதைக் குறிப்பிட்டிருந்தார். நான் ஒரு நாள் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 30,000 லிட்டர் தொட்டிக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் 120 கிராம் பிளீச்சிங் பவுடரை எடைபோட்டு, வாளியில் கூழாகக் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றினார். பவுடரை அப்படியே மேலேயிருந்து கொட்டிவிடுவதுதான் எளிது. “அடியில தங்கிடும் சார், முதல்ல புடிக்கிறவங்களுக்கு நெடி அடிக்கும், கடைசி வீட்டுக்கு ஒண்ணுமே போகாது” என்றார். கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்று சோதித்து, குப்பியில் தண்ணீர் இளமஞ்சளாக மாறியதைப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போனார். இவ்வளவு காலம் அந்தத் தண்ணீரைக் குடித்தும் இதை நான் அறிந்ததில்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய சிக்கல். பரிந்துரைகளைத் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு தெருவும் தன் தெருக்காரரையே பெரும்பாலும் சொல்லியிருந்தது. எங்கள் ஊரில் தெரு என்றால் சாதி என்று பொருள். தூய்மைக் காவலர்களில் பெரும்பாலோர் காலனியிலிருந்து வருகிறவர்கள். காலனியை விட மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் வாக்குகள் மிக அதிகம். அப்படியே வாக்கெடுப்பு நடத்தினால், ஊராட்சித் தேர்தலின் இன்னொரு பதிப்பாகத்தான் அது முடியும். குழுவில் ஒருவர், உத்திரமேரூரில் இருந்தது போலக் குடவோலை வைத்துவிடலாமே என்றார். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் குடவோலையில் வாக்குகளை எண்ணவில்லை. தகுதியுள்ளவர்கள் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். அதாவது அது திருவுளச்சீட்டு. சீட்டில் விழுந்த பெயருக்குச் சான்றிதழ் கொடுத்தால், நன்றாக வேலை செய்ததற்கு ஊர் தரும் மரியாதை என்று அதை எப்படிச் சொல்வது?

பல இரவுகள் பேசிய பிறகு ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொருவருக்கும் வாக்குச்சீட்டில் இரண்டு குறிகள். முதல் குறியை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அதை வார்டு வாரியாக எண்ணி, ஒவ்வொரு வார்டிலும் முதலிடம் பெறுகிறவருக்கு அந்த வார்டின் சான்றிதழ் தரப்படும். இரண்டாவது குறியைத் தன் வார்டில் குடியிருக்காத, தன் வார்டில் வேலையும் பார்க்காத ஒருவருக்கே போட வேண்டும். ஊர் விருது அந்த இரண்டாவது குறிகளின் எண்ணிக்கையில் மட்டுமே முடிவாகும். இதனால் எந்தத் தெருவும் தன் எண்ணிக்கையை வைத்துத் தன் ஆளுக்கு ஊர் விருதை வாங்கித்தர முடியாது. எங்கள் தெருவுக்கே வராதவர் எப்படி வேலை செய்கிறார் என்று எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்காக, பரிந்துரையில் வந்த காரணங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, எழுதியவர் பெயரில்லாமல், நூலகச் சுவரில் ஒட்டினோம். மூன்று வாரம் அந்தச் சுவரின் முன்னால் ஆள் இல்லாத மாலை கிடையாது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

கைப்பேசியில் வாக்களிக்க வைக்கலாம் என்று இளைஞர்கள் ஒரு படிவம் செய்து சோதித்தார்கள். ஒரே ஆள் பதினைந்து முறை வாக்களிக்க முடிந்ததால் அதைக் கைவிட்டோம். காகிதச் சீட்டுதான் என்று முடிவானதும், எழுத்தறியாதவர்களுக்குச் சின்னம் தேவைப்பட்டது. தொட்டி இயக்குபவருக்குக் குழாய், தூய்மைக் காவலருக்கு விளக்குமாறு, தள்ளுவண்டி என்று நான்தான் வரைந்து வைத்தேன். அதைக் காட்டியதும் தூய்மைக் காவலர்களில் மூத்த அம்மா தாளைத் திருப்பி என் மேசையில் வைத்துவிட்டு, “எங்க மூஞ்சியப் போடுங்கய்யா, விளக்குமாத்தப் போடாதீங்க” என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அன்றே நூலகத்தின் வெள்ளையடித்த சுவரருகே நிற்கவைத்து எல்லோரையும் படம் எடுக்க ஏற்பாடு செய்தோம். அந்த அம்மா அரைமணி நேரம் கேட்டு வீட்டுக்குப் போய், முகம் கழுவி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றார். முதலில் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்ததில் முகங்கள் எல்லாம் ஒரே கருமையாகி யார் யாரென்று தெரியவில்லை. மொத்தச் செலவிலும் பெருந்தொகை வண்ண அச்சுக்குத்தான் போனது. ஆறு பேரும் பங்கிட்டுக்கொண்டோம்.

ஆயுத பூசை விடுமுறையையொட்டி, அக்டோபர் 21, 22 ஆகிய சனி, ஞாயிறுகளில் வாக்கெடுப்பு நடந்தது. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்களும் ஊரில் இருந்தார்கள். வயல் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவு 8 மணிவரை வைத்திருந்தோம். வாக்காளர் பட்டியலில் பெயருக்கு நேரே கோடிட்டு, வார்டுக்குரிய சீட்டைக் கொடுத்து, புத்தக அலமாரிக்குப் பின்னால் தனியே குறியிட வைத்தோம். தன் மாமியார் சீட்டையும் தானே போட்டுவிடுவதாகச் சொன்ன ஒரு மருமகளை, மாமியாரே வந்து விலக்கிவிட்டுத் தனியாகப் போனார்.

ஞாயிறு இரவு ஊரார் முன்னிலையில் எண்ணினோம். ஒரு வார்டில் இருவர் சமமாக வந்தார்கள். சீட்டுப் போடாமல் இருவருக்குமே சான்றிதழ் என்று அங்கேயே முடிவாகியது. இரண்டாவது குறிகளில் முதலிடம் பெற்றவர், கீழத்தெருவில் வேலை பார்க்கும் ஒரு தூய்மைக் காவலர். தனியாக வசிக்கும் ஒரு முதியவர் வீட்டு வாசலில் இரண்டு நாளாகக் குப்பைக் கூடை வைக்கப்படாததைக் கவனித்து, கதவைத் தட்டி, உள்ளே விழுந்து கிடந்தவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பியவர் அவர். சுவரில் இதை எழுதிக் கொடுத்தவர் அந்த முதியவரே. மேலத்தெருவிலிருந்து அவருக்கு விழுந்த குறிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, என் கை நடுங்கியதை மறைக்க முடியவில்லை.

நவம்பர் 1 கிராம சபைக்கு எங்கள் ஊரளவுக்குக் குறைவெண், அதாவது குறைந்தது வந்தாக வேண்டியவர்கள், 100 பேர். அன்று அதைப்போல மூன்று மடங்கு கூட்டம். அவருடைய முழுப் பெயரையும் சொல்லி அழைத்துச் சான்றிதழ் கொடுத்தோம். ஏதாவது பேசுங்கள் என்றபோது, பேட்டரி வண்டி ஏழு மாதமாக ஓடவில்லை, மிதிவண்டியைத் தள்ளித் தள்ளித் தோள் வலிக்கிறது, பேட்டரி மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கு வேலை செய்கிறவர் கேட்டது அவ்வளவுதான். சான்றிதழ் ஊதியத்துக்கு ஈடாகாது என்பதை நாங்கள் அறிவோம். விருதாக நினைத்துப் பேட்டரியைக் கொடுக்க முடியாது, அது ஊராட்சியின் கடமை என்று அதே கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். பொங்கலுக்கு முன் வண்டி ஓடியது.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். வெற்றி பெற்றவர்கள் பெயர்களை மட்டும் அறிவிப்போம், யாருக்கு எத்தனை என்று வெளியே சொல்ல மாட்டோம் என்று முன்பே உறுதி கொடுத்திருந்தோம். எண்ணிய இரவே எங்கள் குழுவில் ஒருவர் தேநீர்க் கடையில் எல்லாக் கணக்கையும் சொல்லிவிட்டார். மிகக் குறைந்த குறிகள் பெற்ற தொட்டி இயக்குபவர் அதன்பின் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் மற்ற இருவரைவிடத் தாழ்ந்தவர் அல்லர். அவர் இயக்கும் தொட்டி மிகச் சிறியது, அதன் தண்ணீர் போவது நாற்பது வீடுகளுக்குத்தான். அவர் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். சரி சார் என்றார், உட்காரச் சொல்லவில்லை.

அதனால் 2024-இல் மீண்டும் நடத்தியபோது இரண்டு மாற்றங்கள் செய்தோம். எண்ணுவதற்குப் பக்கத்து ஊர் ஆசிரியர்களை அழைத்தோம், அவர்கள் முடிவை மட்டும் உறையிலிட்டுக் கொடுத்துவிட்டுச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப்போனார்கள். ஒவ்வொரு பணியாளருக்கும் அவரைப் பற்றி ஊரார் எழுதிய தாள்களின் நகலைத் தனித்தனி உறையில் கொடுத்தோம். தீபாவளியையொட்டி அந்த ஆண்டுக் கிராம சபை நவம்பர் 23-க்குத் தள்ளிப்போனது. கூட்டம் முடிந்த மாலை, அந்தத் தொட்டி இயக்குபவர் நூலகத்துக்கு வந்து, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி உறையை நீட்டினார். உள்ளே நான்கு தாள்கள் இருந்தன. நான் படித்தேன். மூன்றாவது தாளை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மோட்டார் போட நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.